கட்டம் போட்டவர்களின் கதை



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கணினி வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். கோயில், கல்வெட்டு என்று ஆர்வமுள்ள உறவினர்களுக்கு மறுபாதி தெரிந்திருக்கும். இரண்டு பாதியையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. நம் குடும்பங்களில் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களின் பள்ளிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நிறையப் பேர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ பிறந்திருப்பார்கள். அந்த மாதங்களில் அத்தனை குழந்தைகள் பிறக்கவில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த அப்பாவுக்குத் தெரிந்தது "பெரிய புயல் அடிச்ச வருஷம்" என்பதும், "இவன் அண்ணனுக்கு ரெண்டு வயசு இளையவன்" என்பதும்தான். பதிவேட்டிலோ பிறந்த தேதி என்று ஒரு கட்டம். அதில் நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற ஒரு தேதியை எழுதினார்கள். அந்தத் தேதியில்தான் அவர்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள், ஓய்வு பெற்றார்கள், இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் அதே தேதியில் கேக் வெட்டுகிறார்கள்.

இதில் பெற்றோர் பொய் சொல்லவில்லை. எழுதியவரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. கட்டத்தில் "தெரியாது" என்று எழுத இடமில்லை, அவ்வளவுதான். கட்டம் வற்புறுத்திக் கேட்டது, ஒரு பதில் பிறந்தது. ஒரு படிவம் நல்ல படிவமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் உரைகல் இதுதான்: தெரியாததை அது என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு, ஆவணங்களுக்குக் கட்டம் போட்டவர்களின் வரலாற்றைப் பார்ப்போம்.

நம்மூர் பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. விளக்கு வைத்துவிட்டுச் சுற்றி வரும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் மனம்போன போக்கில் வெட்டப்பட்டவை அல்ல. அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்ற மங்கலச் சொல். பிறகு, பெரிய கல்வெட்டாக இருந்தால், அரசனின் மெய்க்கீர்த்தி. பிறகு அரசன் பெயர், ஆட்சியாண்டு. பிறகு வளநாடு, நாடு, ஊர், கோயில் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வரும். பிறகு கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன. நந்தா விளக்கு என்றால் 90 ஆடு அல்லது 96 ஆடு. அதுவும் "சாவா மூவாப் பேராடு". பெற்றுக்கொண்டவர் யார், நாள்தோறும் எவ்வளவு நெய் அளக்க வேண்டும், கடைசியில் "இது பன்மாஹேஸ்வர ரக்ஷை". ஆயிரம் வருடத்துக்கு முன்பே கல்லில் ஒரு படிவம் இருந்தது. கோடு போட்ட கட்டம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எழுதியவர் மனதில் இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இவற்றைப் படியெடுக்கத் தொடங்கினார்கள். ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்பே, 1887-இலிருந்து, கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கிவிட்டன. அந்த அறிக்கைகளின் பின்னிணைப்பு அட்டவணையைப் பார்த்தால் நம் பள்ளிப் பதிவேடு மாதிரியே இருக்கும். எண், கல்வெட்டு உள்ள இடம், அரச மரபு, அரசன், ஆண்டு, மொழி, கடைசியில் குறிப்பு.

இந்தக் கட்டங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசனுக்கு ஒரு கட்டம், மரபுக்கு ஒரு கட்டம். விளக்கு வைத்த பெண்ணுக்குத் தனிக் கட்டம் இல்லை. நிலத்தின் அளவுக்கு இல்லை. உப்பளத்துக்கு இல்லை. இவையெல்லாம் "குறிப்பு" என்ற கடைசிப் பத்தியில் போய் ஒண்டிக்கொண்டன. அறிக்கை எழுதியவர்கள் பெரிய உழைப்பாளிகள். குறிப்பில் அவர்கள் எழுதிவைத்த இரண்டு வரிகளால்தான் பல செய்திகள் பிழைத்தன. ஆனாலும் கட்டம் போட்டவர் எதைக் கேட்டாரோ அதைத்தான் பின்னால் வருபவர்கள் எளிதாகத் தேட முடியும். அரசர்களின் வரலாறு முதலில் எழுதப்பட்டதற்கும் ஊர்களின் வரலாறு தாமதமாக வந்ததற்கும் இந்த அட்டவணையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு சிக்கலும் அப்போதே இருந்தது. கல் சிதைந்து எழுத்து போன இடத்தை அச்சில் எப்படிக் காட்டுவது? ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் அடைப்புக்குறி போடுவார். ஒருவர் யூகித்து நிரப்பிவிட்டு, நிரப்பியதாகவே காட்டாமல் போய்விடுவார். பின்னால் படிப்பவருக்குக் கல்லில் இருந்தது எது, பதிப்பாசிரியர் தலையில் இருந்தது எது என்று தெரியாது. 1931-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கீழைத்தேய ஆய்வாளர் மாநாடு கூடியபோது, கிரேக்கப் பாப்பிரஸ் ஆவணங்களைப் படிப்பவர்கள் இதற்கு ஒரு பொது ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அழிந்துபோய், பதிப்பாசிரியர் நிரப்பிய எழுத்துக்குச் சதுர அடைப்பு. பாதி தெரியும், உறுதியில்லாத எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி. இதற்கு லெய்டன் மரபு என்று பெயர். இந்தியக் கல்வெட்டுப் பதிப்புகளிலும் இதே நோக்கத்தில் சதுர அடைப்பும் நட்சத்திரக் குறியும் பயன்படுத்தினார்கள். "தெரியாது" என்பதற்கும் "இது என் யூகம்" என்பதற்கும் அச்சில் ஓர் இடம் கிடைத்தது.

இனி கணினிக்கு வருவோம். 1969-இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் வழக்கறிஞர் அலுவலக ஆவணங்களைக் கணினியில் வைக்க ஒரு வழி தேடினார்கள். அதுவரை ஆவணத்துக்குள் "இந்த வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடு", "இங்கே நான்கு இடம் விடு" என்று அச்சு இயந்திரத்துக்கான கட்டளைகள்தான் இருந்தன. இவர்கள் அதை மாற்றி, "இது தலைப்பு", "இது பத்தி" என்று ஒவ்வொரு பகுதியும் *என்ன* என்று குறிக்கச் சொன்னார்கள். எப்படி அச்சிடுவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். இதுதான் மார்க்கப். துணிக்கடையில் துணியில் தைத்திருக்கும் சீட்டு போல, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் ஒரு டேக்:

<கொடையாளர்>இன்னார்</கொடையாளர்>

இந்த முயற்சி வளர்ந்து 1986-இல் எஸ்ஜிஎம்எல் என்ற பெயரில் உலகத் தரநிலையாயிற்று. அதை எளிமையாக்கி 1998 பிப்ரவரியில் வந்ததுதான் எக்ஸ்எம்எல். ஒரு சின்ன மகிழ்ச்சியான செய்தி: எக்ஸ்எம்எல்லில் டேக் பெயரையே தமிழில் வைக்கலாம். மேலே நான் எழுதிய வரி விதிப்படி சரியானது.

டேக் போட்டால் மட்டும் போதுமா? ஒருவர் கொடையாளர் என்பார், இன்னொருவர் கொடுத்தவர் என்பார். ஒருவர் ஊருக்குள் கோயிலை வைப்பார், இன்னொருவர் கோயிலுக்குள் ஊரை வைப்பார். ஆகவே எந்தெந்த டேக் இருக்கலாம், எதற்குள் எது வரலாம், எந்த வரிசையில், எத்தனை முறை என்று முன்கூட்டியே சொல்லும் விதித்தொகுப்பு வேண்டும். அதற்கு ஸ்கீமா என்று பெயர். ஆவணத்தின் இலக்கணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்பா படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. ஈற்றடி மூன்று சீர், மற்ற அடிகள் நான்கு சீர், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்று. இது வெண்பாவின் ஸ்கீமா. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு தளை தட்டுகிறதா என்று பார்க்கிறோமே, அதைத்தான் கணினிக்காரர்கள் வாலிடேஷன் என்கிறார்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்லலாம். கழியிலிருந்து வரும் தண்ணீர் ஏறத்தாழ 3 டிகிரி போமே. அதை நேராக உப்புப் பாத்தியில் விட்டால் உப்பு விளையாது. ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, டிகிரி பார்த்து, 25 வந்த பிறகுதான் உப்பு எடுக்கும் பாத்திக்கு மடை திறப்பார்கள். 30 தாண்டினால் கசப்பு இறங்கிவிடும், மிச்சத் தண்ணீரை வெளியே விட வேண்டும். மடைவாயில் நின்று டிகிரி பார்க்கிற வேலைதான் வாலிடேஷன். டிகிரி எவ்வளவு என்று வகுத்து வைத்திருப்பதுதான் ஸ்கீமா.

இப்போது ஒரு படி மேலே போவோம். இலக்கணம் வேண்டும் என்றால், அந்த இலக்கணத்தை எழுத ஒரு மொழி வேண்டும். நம் முன்னோர் இலக்கணத்தைப் பேச்சு நடையில் எழுதவில்லை, நூற்பாவில் எழுதினார்கள். நூற்பா எப்படி இருக்க வேண்டும், நூலுக்கு என்னென்ன குற்றங்கள் ஆகா, என்னென்ன உத்திகள் உண்டு என்று தொல்காப்பியத்தின் மரபியல் தனியாகப் பேசுகிறது. உத்திகள் 32. இலக்கணம் எழுதுவதற்கே ஓர் இலக்கணம்! ஸ்கீமா மொழி என்பதும் அதேதான். ஸ்கீமா என்பது ஒரு குறிப்பிட்ட ஆவணத்தின் இலக்கணம். ஸ்கீமா மொழி என்பது அப்படிப்பட்ட இலக்கணங்களை எழுதுவதற்கான நூற்பா நடை. அந்த நடையில் எதைச் சொல்ல முடியுமோ அதைத்தான் இலக்கணமாக்க முடியும். சொல்ல முடியாததைக் கட்டமாக்க முடியாது.

முதலில் இருந்த நடைக்கு டிடிடி என்று பெயர். எஸ்ஜிஎம்எல்லோடு பிறந்தது. ரொம்பச் சுருக்கம். ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டால் "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்". கூட்டல் குறி போட்டால் "ஒன்றாவது வேண்டும், எத்தனையும் வரலாம்". நட்சத்திரம் போட்டால் "எத்தனையும் வரலாம், இல்லாமலும் போகலாம்". எதுவும் போடாவிட்டால் "கட்டாயம் ஒன்று". நம் விளக்குக் கொடைக் கல்வெட்டை இதில் எழுதினால், மங்கலச் சொல் கட்டாயம் ஒன்று, மெய்க்கீர்த்திக்குக் கேள்விக்குறி, கொடையாளருக்குக் கூட்டல் குறி, சாட்சிகளுக்கு நட்சத்திரம். அழகாக இருக்கிறதல்லவா?

ஆனால் கல் அப்படிக் கீழ்ப்படியாது. சில கல்வெட்டில் கொடையாளர் முன்னால் வருவார், சிலவற்றில் கொடை முன்னால் வரும். "இவை எல்லாம் வேண்டும், வரிசை எப்படியும் இருக்கலாம்" என்று சொல்ல எஸ்ஜிஎம்எல்லில் ஒரு குறி இருந்தது. எக்ஸ்எம்எல்லை எளிமையாக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். தவிரவும் டிடிடிக்கு எண் எது, தேதி எது, எழுத்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆண்டு என்ற கட்டத்தில் "ஆட்டுக்குட்டி" என்று எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய 2001 மே மாதம் எக்ஸ்எம்எல் ஸ்கீமா என்ற பெரிய தரநிலை வந்தது. இது வங்கி, வியாபாரம், அரசு அலுவலகம் ஆகியவற்றின் தேவைக்கு நன்றாகப் பொருந்தியது. முழு எண், தசம எண், தேதி என்று எல்லாவற்றுக்கும் வகை வைத்தது. ஆனால் வரிசை தவறி வருவதை அது எளிதில் பொறுக்காது. அடுத்து வரப்போவதைப் பார்க்காமலேயே ஒவ்வொரு டேக்கும் எந்த விதிக்கு உரியது என்று முடிவாகிவிட வேண்டும் என்ற கண்டிப்பும் அதற்கு உண்டு. வரிசையில் நகராமல் நிற்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற வாத்தியார்.

அதே ஆண்டு இன்னொரு பக்கம் வேறொரு முயற்சி. ஜப்பானைச் சேர்ந்த முராடா மகோடோ ரிலாக்ஸ் என்ற மொழியை உருவாக்கியிருந்தார். தாய்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயரான ஜேம்ஸ் கிளார்க் ட்ரெக்ஸ் என்ற மொழியை உருவாக்கியிருந்தார். இருவரும் "என்னுடையதுதான் பெரியது" என்று சண்டை போடவில்லை. இரண்டையும் ஒன்றாக்கி ரிலாக்ஸ் என்ஜி என்று 2001 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதை "ரிலாக்சிங்" என்றே உச்சரிக்க வேண்டுமாம்! பெயருக்கு ஏற்ற குணம். வரிசை மாறி வருவதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும். எதிலிருந்து எது என்று முன்கூட்டி முடிவாக வேண்டும் என்ற கண்டிப்பு இல்லை. அதனால் பழைய ஏட்டையும் கல்லையும் படிப்பவர்கள் அதன் பக்கம் போனார்கள்.

மூன்றாவதாக ஒன்று. ஆஸ்திரேலியரான ரிக் ஜெலிஃப், தைவானின் அகாடெமியா சினிக்காவில் இருந்தபோது 1999-இல் உருவாக்கிய ஸ்கீமாட்ரான். இது முழு இலக்கணத்தையும் எழுதச் சொல்லாது. "இப்படி இருந்தால் அப்படியும் இருக்க வேண்டும்" என்று ஒவ்வொரு விதியாக எழுதலாம். தவறினால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மனிதர் பேசும் மொழியிலேயே எழுதி வைக்கலாம். விடைத்தாளில் சிவப்பு மையில் வெறும் பெருக்கல் குறி போடும் ஆசிரியர் ஒரு வகை. பக்கத்தில் "அலகு எழுதவில்லை" என்று எழுதும் ஆசிரியர் இன்னொரு வகை. ஸ்கீமாட்ரான் இரண்டாவது வகை.

இவையெல்லாம் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதை நம்மூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

1987 நவம்பரில் அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் இலக்கியம், மொழி, வரலாறு படிப்பவர்கள் கூடி, பழைய நூல்களைக் கணினியில் ஏற்றப் பொது வழிமுறை ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதுதான் டிஇஐ. அதைக் கல்வெட்டுகளுக்கு ஏற்றபடி மாற்றி, வடகரோலினாவில் டாம் எலியட் தொடங்கியது எபிடாக். 1931-இன் லெய்டன் அடைப்புக்குறிகளை டேக்குகளாக மாற்றியதுதான் எபிடாக்கின் முக்கியமான வேலை. பிறகு 2019-இல், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் 'தர்மா' என்ற திட்டம் தொடங்கியது. தெற்காசியா, தென்கிழக்காசியா முழுவதும் உள்ள கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஒரே முறையில் கணினியில் ஏற்றும் பெரிய வேலை. எமானுவேல் பிரான்சிஸ், அர்லோ கிரிஃபித்ஸ், அனெட் ஷ்மீட்சென் ஆகிய மூவர் தலைமை. அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் உண்டு. புதுச்சேரியில் இருக்கும் தூரக்கிழக்கு பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி மையத்துக்கும் இதில் பங்கு உண்டு. எப்படிக் குறிக்க வேண்டும் என்ற கையேட்டை டேனியல் பலோக்கும் கிரிஃபித்ஸும் எழுதி 2020-இல் வெளியிட்டார்கள். விதிகள் ரிலாக்ஸ் என்ஜியிலும் ஸ்கீமாட்ரானிலும் இருக்கின்றன.

இப்போது நம் உரைகல்லை எடுத்து உரசிப் பார்ப்போம். இந்த ஸ்கீமா தெரியாததை என்ன செய்கிறது?

எழுத்து அழிந்த இடத்துக்கு 'கேப்' என்று ஒரு டேக். அதில் ஏன் அழிந்தது என்று எழுத வேண்டும். எத்தனை எழுத்து போயிருக்கும் என்று எழுத வேண்டும். எத்தனை என்று தெரியாவிட்டால்? "தெரியாது" என்றே எழுதலாம். அது செல்லுபடியாகும் விடை. கணினி சிவப்புக் கோடு போடாது. ஆசிரியர் யூகித்து நிரப்பினால் அதற்கு 'சப்ளைட்' என்று வேறு டேக். அதிலும் கல் சிதைந்து போனதா, வெட்டியவரே விட்டுவிட்டாரா என்று பிரித்துக் குறிக்க வேண்டும். யூகம் எவ்வளவு உறுதி என்றும் சொல்லலாம். எழுத்து இருக்கிறது, ஆனால் சரியாகத் தெரியவில்லை என்றால் 'அன்கிளியர்' என்று மூன்றாவது டேக். தெரிந்தது, யூகித்தது, தொலைந்தது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்க முடியாது.

இதன் அருமை நம்மூர்க்காரர்களுக்குத்தான் நன்றாகப் புரியும். உப்புக்காற்று பட்ட கல் எப்படிப் பொரிந்து உதிரும் என்று நமக்குத் தெரியும். இதோடு சுண்ணாம்பு அடிப்பதும், மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும், திருப்பணியில் கல்லை இடம் மாற்றி வைப்பதும் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. இன்று இருக்கும் எழுத்து நாளை இருக்காது. கல் போன பிறகு கோப்புதான் கல். அந்தக் கோப்பில் யூகத்தை எழுத்தாக எழுதிவிட்டால் திருத்த யாராலும் முடியாது. பதிவேட்டில் எழுதிய ஜூன் மாதப் பிறந்தநாள் மாதிரி அது நிரந்தரமாகிவிடும்.

கட்டம் எங்கே உடைகிறது என்பதற்கும் தமிழ்க் கல்வெட்டுகள் நல்ல பாடம். மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, வரி. எக்ஸ்எம்எல் ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டி என்று அடுக்கும். பாதிப் பெட்டி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க முடியாது. கல்தச்சரோ இடம் முடிந்ததும் அடுத்த வரிக்குப் போய்விடுவார். "திருவிள" என்று ஒரு வரி முடியும், "க்கு" என்று அடுத்த வரி தொடங்கும். வரியைப் பெட்டியாக்கினால் சொல் உடையும், சொல்லைப் பெட்டியாக்கினால் வரி உடையும். இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. வரியைப் பெட்டியாக வைக்காமல், "இங்கே வரி மாறுகிறது, சொல் முடியவில்லை" என்று சொல்லின் நடுவே ஒரு மைல்கல் மட்டும் நட்டுவிடுவது. சொல்லும் பிழைத்தது, கல்லின் வரியும் பிழைத்தது.

இரண்டாவது, ஆண்டு. ஆண்டுக்கு ஓர் எண் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பாண்டியர் கல்வெட்டுகளில் "இரண்டாம் ஆண்டின் எதிர் பதின்மூன்றாம் ஆண்டு" என்ற மாதிரி இரண்டு எண் வரும். இரண்டையும் கூட்டிப் பதினைந்து என்று கொள்வது ஆய்வாளர் வழக்கம். ஆனால் கட்டத்தில் 15 என்று மட்டும் எழுதினால் கல்லில் அப்படி எழுதியிருந்தது என்ற செய்தியே போய்விடும். கல் சொன்னதையும் வேண்டும், நாம் கணக்கிட்டதையும் வேண்டும், இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

மூன்றாவது, அளவு. நம் பாட்டிமார் வாய்ப்பாடாகச் சொன்ன மா என்பது இருபதில் ஒரு பங்கு, காணி எண்பதில் ஒரு பங்கு, முந்திரி 320-இல் ஒரு பங்கு. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-இல் ஒன்று. நிலக்கணக்குக் கல்வெட்டுகளில் இந்தப் பின்னங்கள் குறியீடுகளாக வரும். தசம எண் மட்டும் ஏற்கும் கட்டத்தில் முந்திரியை 0.003125 என்று எழுதலாம். கணக்கு சரியாக வரும், ஆனால் முந்திரி காணாமல் போகும். இந்தக் குறியீடுகளைக் கணினியில் எழுதவே வெகுகாலம் வழியில்லாமல் இருந்தது. 2019 மார்ச்சில் வந்த யூனிகோடு 12-இல்தான் தமிழ்ப் பின்னங்கள், அளவுகள் உள்ளிட்ட 51 குறியீடுகளுக்கு இடம் கிடைத்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நான்காவதாக ஒன்றைச் சேர்ப்பார்கள்: பெயர். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரின் முதலெழுத்து உண்டு, நம் பெயர் உண்டு. அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கமான எஃப்என்யூ என்று போட்டுத் தருகிறார்கள். வங்கியில் அதையே பெயராக நினைத்துக் கூப்பிட்ட கதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று அறிவித்தது. ஒரு கட்டம் காலியாக இருந்ததற்காக மனிதர் விமானம் ஏற முடியாது! சோழர் காலக் கல்வெட்டில் ஊர்ப்பெயர் முதலில் வரும், பிறகு தகப்பன் பெயர், பிறகு தன் பெயர், பிறகு "ஆன" என்று சொல்லிப் பட்டப்பெயர். டிஇஐ ஸ்கீமாவில் பெயருக்குள் ஊரை வைக்கலாம், பட்டத்தை வைக்கலாம், குடும்பப் பெயரே இல்லாமலும் விடலாம். ஆயிரம் வருடத்துக்கு முன் விளக்கு வைத்தவருக்குக் கிடைத்த இடம், இன்று விசா கேட்கும் அவர் வாரிசுக்குக் கிடைக்கவில்லை.

கட்டமே வேண்டாம் என்று சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. கட்டம் இல்லாவிட்டால் தேட முடியாது, ஒப்பிட முடியாது, ஆயிரம் கல்வெட்டில் 96 ஆடு எங்கெங்கே, 90 ஆடு எங்கெங்கே என்று பார்க்க முடியாது. வரப்பு இல்லாமல் உப்பு விளையாது. ஆனால் வரப்பு போடுகிறவர் முதலில் தண்ணீர் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இத்தனை வருட ஸ்கீமா மொழிகளின் வரலாற்றில் நான் காண்பது இதைத்தான்: முதலில் வரிசையைக் கட்டாயமாக்கினார்கள், பிறகு தளர்த்தினார்கள். முதலில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பச் சொன்னார்கள், பிறகு நிரப்ப முடியாததையும் பதியக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தது உடைந்த ஏடுகளும் உதிர்ந்த கற்களும்தான்.

சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் நம்மூர்தான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அதை "மரக்காணம் = எயிற்பட்டினம்" என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்; நமக்கும் பெருமையாக இருக்கும். நல்ல ஸ்கீமாவோ, "அடையாளம் கண்டவர் யார், எவ்வளவு உறுதி" என்று பக்கத்தில் இரண்டு கட்டம் கேட்கும். அந்த இரண்டையும் நிரப்பினால் பெருமை குறையாது, நம்பகம் கூடும்.

ஆகவே பிள்ளைகளே, இரண்டு வேண்டுகோள். மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவர்கள் ஒரு கட்டத்தைக் "கட்டாயம்" என்று குறிக்கும் முன், அதை நிரப்ப முடியாத மனிதர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தேதி தெரியாத பாட்டியோ, குடும்பப் பெயர் இல்லாத பையனோ, யாராவது ஒருவர் கண்டிப்பாக வருவார். மற்றவர்கள், ஊருக்குப் போகும்போது கோயில் கல்வெட்டைப் படம் எடுத்தாலும், வீட்டுப் பெரியவர்களிடம் குடும்ப வரலாறு கேட்டு எழுதினாலும், படித்தது இது, யூகித்தது இது, தெரியாதது இது என்று பிரித்து எழுதுங்கள். கொள்ளுப்பாட்டி பிறந்த வருடம் தெரியாவிட்டால் "தெரியாது, பெரிய புயலுக்கு முன் என்று அத்தை சொன்னார்" என்று அப்படியே எழுதுங்கள். அதுதான் உண்மையான பதிவு.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், மரக்காணம்